அவிழாத கை

"பாராலிசிஸ்!" என்றார் டாக்டர் அப்பாத்துரை.

சொன்ன தோரணையைப் பார்த்தால், அந்த நோயை அவரே பெற்றெடுத்துப் பெயர் சூட்டி ஊருக்குள் அனுப்பி வைத்தவர் போலிருந்தது. நாற்காலியில் சாய்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் முகத்திலும் போதுமான பிரமிப்பு ஏறிவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

கைலாசம் பிள்ளை பிரமிப்பை வரவழைத்துக்கொண்டார். துப்பறியும் தொழிலில் அவரைக் களைப்படையச் செய்யும் காரியம் இது ஒன்றுதான். வெயிலில் காத தூரம் நடப்பார், பட்டினி கிடப்பார். ஒரு மடையன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவதென்றால் மட்டும் அவருக்குத் தாடை வலிக்கும்.

பக்கத்தில் இருந்தவன் ஐயம்பெருமாள். முன்னாள் கான்ஸ்டேபிள். இன்ஸ்பெக்டரின் மீசையைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியதில் உத்தியோகம் போய், அன்று முதல் கைலாசத்துக்கு உதவியாளாக இருக்கிறான்.

"வெளியப் பலகையில பேருக்குப் பின்னால எம்புட்டு எழுத்து! அரிச்சுவடியில மிச்சம் ஏதும் வச்சிருக்காரா அண்ணாச்சி?" என்று அவன் வாய்க்குள் முனகினான்.

"சும்மா இரும் வே."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "அது கிரேக்க பாஷை, பிள்ளைவாள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. 'பாரா'ன்னா பாறை. 'லிசிஸ்'ன்னா ஆகிப்போறது. உடம்பு பாறையா ஆகிப்போறது! நம்ம தமிழ்தான் அங்கன போயிருக்கு, பாத்துக்கிடுங்க."

கைலாசத்தின் காதுமடல் துடித்தது. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், எப்படியும் மதம் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அவருக்கு வருஷக் கணக்கில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். கிரேக்கம் ஏறியது, ஞானஸ்நானம் ஏறவில்லை. பாதிரியார் மனம் நொந்து கப்பலேறினார். அந்தப் பாஷையால் கைலாசத்துக்கு இதுநாள் வரை ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. இன்றைக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து ஆவணி மாசத்தில், அம்பாசமுத்திரம் கடைத்தெரு மருந்துக்கடை ஒன்றில் அதற்கு வேலை வந்திருந்தது.

நேற்று மத்தியானம் திருநெல்வேலி டவுணில் அவர் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆழ்வார்குறிச்சி ஆறுமுகத்தாய். அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் அந்த ஊர்ப் பண்ணையாரின் ஆற்றங்கரை வயலை வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு பேசி, உழுகிறவன். அவன் அப்பன் வர்மம் தெரிந்த ஆசான். அதனால் மகனையும் ஊர் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கும். பண்ணையார் சிவசண்முகம் பிள்ளையின் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தான் என்று அவன் மேல் ஒரு வழக்கு. அந்த வழக்குக்கு ஒரே சாட்சி சிவசண்முகமே. சாட்சி சொல்லக் கிளம்பிய காலையில், கடனா நதிக் கரையில், சங்கிலி எதிரே வந்து அவர் கையைப் பிடித்திருக்கிறான். அந்த இடத்திலேயே அவர் சுருண்டு விழுந்தார். இடப்பக்கம் கை கால் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. வர்மம் தட்டிச் சாய்த்துவிட்டான் என்று சங்கிலியைப் பிடித்து அம்பாசமுத்திரத்தில் அடைத்துவிட்டார்கள்.

"எம் புருசன் கையப் புடிச்சுக் கும்புட்டாக, அய்யா. அடிக்கல," என்றாள் ஆறுமுகத்தாய். "நாளைக்குச் சாயங்கால ரயிலுக்குப் பாளையங்கோட்டைச் செயிலுக்குக் கொண்டு போறாகளாம். அங்கன போனவன் எப்பம் திரும்புவான்? டாக்டரு என்னமோ பேரு சொன்னாரு, பாராசாமியோ என்னமோ. அந்தப் பேரச் சொன்னதும் போலீசுக்காரக எந்திரிச்சு நின்னுட்டாக."

அந்த ஒரு பேரைத் துரத்திக்கொண்டுதான் காலை ரயிலில் இருவரும் வந்து இறங்கியிருந்தார்கள்.

"பாறை!" என்றார் கைலாசம், தாடை வலியைப் பொறுத்துக்கொண்டு. "அற்புதம் டாக்டர். எங்க பாளையங்கோட்டைச் சபையில இந்த நோயைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. அந்த நோயாளியை ஒரு தரம் கண்ணால பாத்துட்டா, உங்க பேரையும் சேத்துச் சொல்லிருவேன்."

தன் பேர் சபையேறப் போகிறது என்றதும் டாக்டர் எழுந்து கோட்டை மாட்டினார். வாசலில் வில்வண்டி பூட்டச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

ஆழ்வார்குறிச்சிக்குப் போகும் வழியெல்லாம் டாக்டர் பேசினார். வண்டி மாடு கூட ஒரு கட்டத்தில் காதை மடக்கிக்கொண்டது. தூரத்தில் மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. வயல்களில் கார் நெல் கதிர் விட்டு நின்றது. ஐயம்பெருமாள் தூங்குவது போல நடித்தான். பாதி வழியில் நிஜமாகவே தூங்கிப்போனான்.

பண்ணையார் வீடு கோயில் தெருவில் இருந்தது. வாசலிலேயே அம்மையப்ப பிள்ளை நின்றார். பண்ணையாரின் மனைவி நீலாம்பாளுக்கு மூத்த அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு திருவிழாவுக்கு விருந்தாட வந்தவர், பண்ணையாரின் தகப்பனார் காலமானதும் அப்படியே தங்கி, நிலபுலன், சாவிக்கொத்து, தங்கை புருஷன் எல்லாவற்றையும் இடுப்பில் செருகிக்கொண்டவர். பேசும்போது எதிராளியின் தோளுக்கு மேலே பார்ப்பார். அங்கே இவரை விடப் பெரிய ஆள் யாரோ நிற்பது போல.

"யாரு இவங்க?" என்றார் டாக்டரிடம்.

"பாளையங்கோட்டைப் பெரிய மனுசங்க. நோயைப் பாக்க வந்திருக்காங்க."

"பாக்கட்டும், பாக்கட்டும். நம்ம மாப்ளையை அந்தப் பய என்ன கதி ஆக்கிட்டான்னு நாலு பேருக்குத் தெரியட்டும். ஆத்தங்கரை வயலைக் காலி பண்ணுலேன்னா படப்புக்குத் தீ வைக்கான். சாட்சி சொல்லப் போனா வர்மம் தட்டுதான். அவனை அந்தமானுக்கு அனுப்பாம நான் ஓயமாட்டேன்."

பட்டாசாலைக் கூடத்தின் நடுவில் கட்டிலில் சிவசண்முகம் பிள்ளை கிடந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருநீறு. இடது கை உலக்கை மாதிரி விறைத்து, விரல்கள் இறுக மூடி நெஞ்சின் மேல் கிடந்தது. இடது காலும் அப்படியே. வாய் இடப்பக்கமாகக் கோணி இழுத்திருந்தது. தலைமாட்டில் நீலாம்பாள் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மொத நா இப்படி இல்லை, அய்யா," என்றாள் அவள். "ஈரத்துணி கணக்கா தொவண்டு கெடந்தாக. டாக்டர் வந்து பாறைன்னு விளக்கம் சொன்ன பொறவுதான் இப்படி வெறைச்சுப் போச்சு."

"பாத்தீரா!" என்று பெருமையில் பூரித்தார் டாக்டர். "நான் சொன்னேன், அப்படியே ஆச்சு!"

கைலாசம் குனிந்து விறைத்த கையைப் பைய மேலே தூக்கினார். நேராகக் கூரையைப் பார்த்து நிறுத்தினார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.

பண்ணையாரின் கை விழவில்லை. யாரும் விழச் சொல்லாததால், மரியாதையாக அந்தரத்திலேயே நின்றது.

"அண்ணாச்சி, துண்டக் காயப் போடலாம் போல இருக்கே," என்று ஐயம்பெருமாள் கைலாசத்தின் முதுகுக்குப் பின்னால் சொன்னான்.

கைலாசம் அந்தக் கையைத் தானே மடக்கிப் பழையபடி வைத்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, கட்டிலில் கிடப்பவருக்கு ஒரு சொல்லும் தவறாமல் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினார்.

"டாக்டர், ஒரு சின்னச் சந்தேகம். எனக்கு ஒரு பாதிரியார் கொஞ்சம் கிரேக்கம் சொல்லிக் கொடுத்திருக்காரு. 'பாரா'ன்னா பாறை இல்லைன்னு அவர் சொல்லுவாரு. பக்கம். 'லிசிஸ்'ன்னா அவிழுறது. கட்டு அவுந்து போறது. பக்கத்துக் கட்டு அவுந்து போறதுதான் பாராலிசிஸ். அந்தக் காலத்துல கப்பலுக்குச் சுக்கானைப் பக்கவாட்டுலதான் கட்டுவாங்களாம். அதை அவுத்துக் கழட்டினாக்கூட இதே சொல்லைத்தான் கிரேக்கன் சொல்லுவான். நம்ம ஆளுக பாரிசவாதம்னு சொல்லலையா? பாரிசம்னாலும் பக்கந்தான். அவுந்துபோன பக்கம் விறைக்குமா? தொவண்டு தொங்கணும்லா?"

டாக்டரின் முகத்தில் இரண்டு மூன்று நிறங்கள் வந்து போயின. "அது... நானும் அதைத்தான் சொன்னேன். பாறைன்னு ஒரு உவமைக்கு..."

"அதான பாத்தேன். உங்களுக்குத் தெரியாததா? வாயும் அப்படித்தானே டாக்டர்? கட்டு அவுந்த பக்கம் எப்படி இழுக்கும்? நல்லா இருக்க பக்கந்தான் இழுக்கும். பொறவு, முக்கியமான அடையாளம் ஒண்ணு உண்டுல்ல? அவுந்த பக்கத்துக் காதும் கேக்காது. கிரேக்க வைத்தியன் அதைத்தான் மொதல்ல பாப்பானாம்."

அந்தக் கடைசி அடையாளத்தைக் கைலாசம் அந்த நிமிஷத்தில்தான் கண்டுபிடித்திருந்தார். எந்தக் கிரேக்கனும் அப்படிச் சொன்னதில்லை.

"ஆமாமா! காது!" என்றார் டாக்டர். "நானே சொல்லணும்னு இருந்தேன்."

அம்மையப்ப பிள்ளை கொட்டாவி விட்டார். எல்லோரும் பின்கட்டுக்குப் போய் இளநீர் குடித்தார்கள். ஐயம்பெருமாள் தன் இளநீரின் வழுக்கையைச் சுரண்டித் தின்று முடிக்கிற வரையில் கைலாசம் பொறுத்திருந்தார். பிறகு பட்டாசாலைக்குத் திரும்பினார்.

இடது கை கட்டில் ஓரத்திலிருந்து துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் தளர்ந்து விரிந்திருந்தன. வாய் இப்போது வலப்பக்கம் இழுத்திருந்தது.

"அய்யோ, என்ன இப்படி ஆயிட்டு?" என்று நீலாம்பாள் பதறினாள்.

கைலாசம் இடப்பக்கம் குனிந்து காதருகில் கேட்டார். "பண்ணையார்வாள், கஞ்சி குடிச்சீகளா?"

அசைவில்லை. வலப்பக்கம் போய் அதையே கேட்டார். பண்ணையார் கண்ணைத் திறந்து 'ம்' என்றார்.

"நல்ல வேளை அண்ணாச்சி," என்று ஐயம்பெருமாள் கிசுகிசுத்தான். "வாலு மொளைக்கும்னு சொல்லாம விட்டீங்க."

உள்ளே இலை போட்டாகிவிட்டது என்று சொல்லி அம்மையப்ப பிள்ளை வந்து டாக்டரை அழைத்தார். செவ்வாய்க்கிழமை விரதம் என்று கைலாசம் கழன்றுகொண்டார். டாக்டர் இரண்டாவது அழைப்புக்கு நிற்கவில்லை. பரிமாறுவதற்காக நீலாம்பாளும் உள்ளே போனாள். ஐயம்பெருமாள் நடைக்கதவருகில் காவலுக்கு உட்கார்ந்தான்.

கைலாசம் ஒரு முக்காலியை இழுத்து, கேட்காத காதின் பக்கமாகவே போட்டு உட்கார்ந்தார்.

"எழுந்து உட்காரும் வே," என்றார். "உம்ம நோய்க்கு இலக்கணம் தெரியுது. பாறைன்னா விறைக்குது, அவுந்துதுன்னா தளருது, காதைச் சொன்னா காது அடைக்குது. இப்படிச் சொன்ன பேச்சுக் கேக்குற சீக்கை நான் கண்டதில்லை. வெளிய நான் யாருன்னு சொல்லலை. இப்பம் சொல்லுதேன். டவுண் கைலாசம். சங்கிலிபூதத்தான் பொண்டாட்டி அனுப்பி வந்திருக்கேன்."

கட்டிலில் கிடந்தவரின் கண்கள் சுவரையே பார்த்தன.

"நீரும் உம்ம மைத்துனரும் நல்லாத்தான் ஜோடி சேந்திருக்கீக," என்று கைலாசம் தொடர்ந்தார். அவர் குரலில் இருந்த ஏளனம் இப்போது நடிப்பில்லை. "படப்புக்குத் தீ வச்ச கேஸுன்னா ஆறு மாசத்துல வந்திருவான். வர்மம் தட்டிப் பண்ணையாரையே சாச்சுட்டான்னா வருசக்கணக்கா உள்ள கிடப்பான். வயலு சும்மா வந்து சேரும். அதுக்காகத்தானே இந்தப் படுக்கை? ஒரு ஏழையக் கவுக்கதுக்கு இம்புட்டு நாளா பொண்டாட்டி கையால கஞ்சி குடிச்சுக்கிட்டு..."

"சேந்தா?"

பண்ணையார் பேசிவிட்டார். வாய் நேராகிவிட்டது. இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அகப்பட்டுக்கொண்ட திருடனின் களை இல்லை. யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவனின் முகமாக இருந்தது.

"அத்தானும் நானும் சேந்தா? அவருக்குப் பயந்துதானே இப்படிக் கெடக்கேன்!" குரலை அடக்கிக்கொண்டு உள்கட்டை எட்டிப் பார்த்தார். "சங்கிலியை வயலை விட்டுக் கிளப்ப, படப்புக்குத் தீ வச்சது அத்தான்தான். தொழுவத்துக்குப் போகையில என் கண்ணால பாத்தேன். நான் பாத்ததை அவரும் பாத்துட்டாரு. 'சங்கிலிதான் வச்சான்னு கோர்ட்ல சொல்லுதீரு, மாப்ளை'ன்னாரு. அவ்வளவுதான். இந்த வீட்ல அவர் ஒரு பேச்சு சொன்னா, மறு பேச்சுக்கு யாருக்கு நாக்கு இருக்கு?"

கைலாசம் முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்.

"கோர்ட்ல பொய் சொல்லவும் முடியல. வீட்ல நிசத்தைச் சொல்லவும் முடியல. அன்னைக்கு ஆத்தங்கரையில சங்கிலி ஓடியாந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான். 'அய்யா, நீங்க நடந்ததைச் சொன்னாப் போதும்'னான். அவன் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க முடியல. கால் நடுங்குச்சு. விழுந்துட்டேன். விழுந்ததும், எந்திரிக்காம இப்படியே கெடந்தா சாட்சி சொல்ல வேண்டாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு. என் சாட்சி இல்லைன்னா கேஸ் நிக்காது, சங்கிலியை விட்டுருவாகன்னு நெனைச்சேன், சத்தியமா. அத்தான் வர்மம்னு கத்துவாருன்னு நான் கண்டனா?"

கைலாசத்துக்கு முகம் சுட்டது. படைத்தலைவன் ஒருவனைப் பதவியிலிருந்து நீக்கினாலும் கிரேக்கர்கள் அந்த வினைச்சொல்லைத்தான் எழுதுவார்கள்: கடமையிலிருந்து அவிழ்த்துவிடுவது. பாதிரியார் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தது. சுக்கானை ஞாபகம் வைத்திருந்தவர் படைத்தலைவனை மறந்துவிட்டார். சாட்சி படுத்துக்கொண்டதில் யாருக்கு விடுதலை கிடைத்தது என்ற கேள்வியை டவுணில் ரயிலேறும் முன்பே கேட்டிருக்க வேண்டும். அம்மையப்பருக்கு அல்ல, அவருடைய ஒரே சாட்சி அல்லவா போனது! படுத்தவருக்குத்தான், சாட்சி சொல்லும் கடமையிலிருந்து. ஊர் மடையர்களை எடைபோட்டுக்கொண்டே வந்தவர், தன்னை அந்தத் தராசில் வைக்க மறந்திருந்தார். ஏளனம் தன் பக்கமே திரும்புவது அவருக்குப் பழக்கமில்லாத அனுபவம்.

ஆனாலும் அதற்காக அவர் பண்ணையார் மேல் இரக்கப்படவில்லை.

"சரி. அவனைப் பிடிச்சு அடைச்சது உமக்கு எப்பம் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே தெரிஞ்சும் கெடந்தீரு."

பண்ணையார் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவனுக்குச் செய்யுத உபகாரம்னு படுத்தீரு. அது அவன் தலையில விழுந்த பொறவும் படுத்தே கெடந்தீரு. வே, உம்ம மைத்துனர் கெட்டவரு. அதுல ஒரு சந்தேகமும் இல்லை. அவருக்குத் தன் கெடுதலைத் தானே செய்யுத துணிச்சலாவது இருக்கு. உமக்கு என்ன இருக்கு?"

"அண்ணாச்சி," என்றான் ஐயம்பெருமாள் கதவருகிலிருந்து. அவன் குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

நீலாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் புருஷனுக்காகக் கொண்டுவந்த ரசம் கலந்த சாதம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று ஐயம்பெருமாளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளைத் தடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்த புருஷனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம அங்கப்பிரதட்சணம் பண்ணேன்," என்றாள். "பிரகாரம் பூரா உருண்டேன். முழங்கையெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு. நீங்க பாத்தீக. எண்ணெ போடச் சொல்லி சாடை கூட காட்டுனீக."

"நீலா..."

"எங்க அண்ணன் கிட்டச் சொல்லத்தான் பயம். எங்கிட்டயுமா?"

பண்ணையார் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. இந்தத் தடவை அது நடிப்பில்லை.

"எந்திரிங்க," என்றாள் நீலாம்பாள். "வேட்டியச் சரியாக் கட்டுங்க. நானும் வாறேன்."

அவர் எழுந்தார். பல நாள் படுக்கையில் கால்கள் மரத்துப்போயிருந்தன. முதல் எட்டிலேயே தடுமாறினார். ஐயம்பெருமாள் தோளைக் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே, "இந்தக் காலு எந்த பாஷை அண்ணாச்சி?" என்று கேட்டான். கைலாசம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் முற்றத்தைத் தாண்டும்போது அம்மையப்ப பிள்ளை எச்சில் கையோடு ஓடி வந்தார். பின்னாலேயே டாக்டர்.

"மாப்ளை! எங்க போறீரு? படும்! படும்ங்கேன்!"

"எழுந்துட்டாரா!" என்று கூவினார் டாக்டர். ஒரு நொடி திகைத்தார். அடுத்த நொடியே தெருப்பக்கம் திரும்பி, எதிர்வீட்டு வாசல்களில் எட்டிப் பார்த்தவர்களுக்குக் கையை உயர்த்தினார். "காலையில குடுத்த மருந்து! நான் சொன்னேன்ல, இன்னைக்குள்ள எந்திரிப்பாருன்னு!"

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

பண்ணையாரின் சொந்த வண்டியை ஐயம்பெருமாள் பூட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அம்மையப்ப பிள்ளை வண்டிக்கு முன்னால் போய் நின்று மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். முதல்தடவையாக அவர் எதிராளியின் கண்ணைப் பார்த்தார்.

"இந்த வண்டி எங்கயும் போகாது. மாப்ளைக்குச் சித்தம் கலங்கிட்டு. உள்ள கூட்டிட்டுப் போ, நீலா."

சிவசண்முகம் பிள்ளை தயங்கினார். வண்டிப் படியில் வைத்த கால் அங்கேயே நின்றது. இன்னும் ஒரு கணம் போனால் அந்தக் கால் திரும்பிவிடும் என்று கைலாசத்துக்குப் பட்டது. அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இதில் கிரேக்கம் உதவாது.

நீலாம்பாள் கணவனைத் தாண்டி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கோயிலுக்குத் தவிரத் தெருவில் இறங்காத பெண். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணே, கயித்த விடுங்க. இது எங்க மாமனார் வாங்கின மாடு."

எதிர்வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். அம்மையப்ப பிள்ளை சிரிப்பு வந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. பண்ணையார் ஏறி உட்கார்ந்தார்.

அம்பாசமுத்திரத்தில் மாஜிஸ்திரேட் அன்றைய விசாரணையை முடித்து, கச்சேரியைக் கலைத்துவிட்டு எழுந்த நேரம். நோயில் படுத்த சாட்சி நடந்து வருவதைக் கண்டு மறுபடி உட்கார்ந்தார். சிவசண்முகம் பிள்ளை நின்றபடியே சொன்னார். தொழுவத்தில் கண்டதைச் சொன்னார். ஆற்றங்கரையில் சங்கிலி அடிக்கவில்லை, கும்பிட்டான் என்பதைச் சொன்னார். தான் நடித்ததைச் சொல்லும்போது குரல் இறங்கியது. மாஜிஸ்திரேட் உரக்கச் சொல்லச் சொன்னார். உரக்கச் சொன்னார்.

"நீர் செய்த காரியத்துக்கு உம்மையும் விசாரிக்க வேண்டியிருக்கும்," என்றார் மாஜிஸ்திரேட். "தெரியுமா?"

"தெரியும்."

அம்மையப்ப பிள்ளையை அழைத்துவர ஆழ்வார்குறிச்சிக்கு ஆள் போனது. ரயிலுக்குக் கிளம்பத் தயாராக நின்ற கான்ஸ்டேபிள்கள் விலங்கைக் கழற்றினார்கள். சங்கிலிபூதத்தான் வெளியே வந்தான். ஒல்லியான, உயரமான ஆள். உதடு கிழிந்து காய்ந்திருந்தது. வாசலிலேயே காலை முதல் உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தாய் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

சிவசண்முகம் பிள்ளை அவர்கள் முன்னால் போய்க் கைகூப்பினார். பண்ணையார் கைகூப்புவதைக் கச்சேரி வாசலில் நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"சங்கிலி, என்னை மன்னிச்சிரு."

சங்கிலிபூதத்தான் அவரையும், அவர் பின்னால் வண்டியில் உட்கார்ந்திருந்த நீலாம்பாளையும் பார்த்தான்.

"அதை அப்புறம் பாத்துக்கிடலாம்," என்றான். "நான் உள்ள கெடந்ததுல ஆத்தங்கரை வயலுக்குத் தண்ணி பாயலை. கதிரு பால் புடிக்கித நேரம். ராத்திரிக்குள்ள மடையத் தெறக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவன் நடந்தான். ஆறுமுகத்தாய் கைலாசத்தைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள்.

பண்ணையார் வண்டிக்கு ஓடினார். ஓடும்போது கால் தடுமாறவில்லை.